அட்டையில் எழுதிய பாட்டு

அன்பின் அண்ணா,

நான்கு ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டு, எழுத்து மட்டும் தெரியும் டெர்மினல் திரையில் சிமஸ் (cmus) என்ற பிளேயரை வைத்துப் பாட்டுக் கேட்கிறேன். எம்பிடியும் (MPD) என்சிஎம்பிசிபிபியும்தான் (ncmpcpp) திறம், பாட்டுக்கேற்பத் திரையில் அலைக்கோடெல்லாம் ஆடும் என்கிறான் ஒரு நண்பன். மொக் (MOC) என்ற பிளேயர் நல்லது என்கிறான் இன்னொருவன். எதைப் பழகுவது? என்னிடம் மூவாயிரம் பாட்டு இருக்கிறது. தமிழ்ப் பாட்டின் பெயர்கள் குப்பையாக வருகின்றன, ஒன்றையும் தேடிப் பிடிக்க முடியவில்லை. அது சிமஸின் பிழைதானே?

ச., கொக்குவில்

அன்பின் தம்பி,

உங்கள் கடிதம் வந்த இரவு நானும் இதே குப்பையைத்தான் கிளறிக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

சிமஸிலேயே இருங்கள். எக்ஸ் அடித்தால் பாடும், சி அடித்தால் நிற்கும், பி அடித்தால் அடுத்த பாட்டு, சாய்கோடு அடித்தால் தேடலாம். ஒரு கிழமையில் விரலுக்குப் பழகிவிடும். மொக் கோப்புறைகளை அப்படியே காட்டும், திரையை மூடினாலும் பின்னால் பாடிக்கொண்டிருக்கும். பாடுவது எம்பிடி என்ற ஒரு நிரல், அதை ஆட்டுவிப்பது என்சிஎம்பிசிபிபி போன்ற வேறொரு நிரல். ஹோலில் ஒரு கணினி பாட, அறையில் இருந்து பாட்டை மாற்றலாம். ஒரே லப்டொப் உள்ள உங்களுக்கு அது வேண்டாம். அலைக்கோட்டை விடுங்கள்.

ஆனால் 'சிமஸின் பிழைதானே' என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. 'கொ' போன்ற எழுத்து உடைந்து தெரிந்தால் அது டெர்மினலின் குறை. அது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கும். நம்முடைய கொம்பும் காலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. சரி, அதை மன்னிக்கலாம். உங்களுடைய குப்பை பெரும்பாலும் வேறு. ஆங்கில எழுத்துகளையே தமிழாகக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் போவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். யாரோ அப்படி அடித்த டேக்கை, அதாவது கோப்புக்குள் இருக்கும் பாட்டு விவரத்தை, நீங்கள் அப்படியே வாங்கி வைத்திருக்கிறீர்கள். மிச்சத்தில் டேக்கே இராது. பெயரில்லாத பாட்டை எந்தப் பிளேயர் தேடித் தரும்? மூவாயிரம் பாட்டைச் சேர்த்த உங்களுக்கு, பாடியவரின் பெயரை எழுத நேரமில்லையா?

1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் போன பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றித்தான் நாங்கள் பாட்டுக் கேட்டோம். டைனமோவில் இருந்து இரண்டு வயர் கசெற் பிளேயருக்குப் போகும். கை தளர்ந்தால் பாடகரின் குரலும் இழுபடும். பாட்டைத் தேடுவதற்காக யாரும் பெடல் சுற்ற மாட்டார்கள். பேனையைக் கசெற்றின் பல்லுக்குள் விட்டுச் சுற்றி, நாடாவைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கசெற்றைப் பிளேயருக்குள் போடுவோம். அதற்கு ஒவ்வொரு கசெற்றுக்கும் அப்பா எழுதி வைத்த அட்டை வேண்டும். ஏ பக்கம், பி பக்கம், பாட்டின் முதல் வரி, படம், பாடியவர், இசை, எழுதியவர். ஒவ்வொரு பாட்டுக்கும் பேனையை எத்தனை சுற்று என்பது வரை, நீல மையில், பொடி எழுத்தில். ஒருமுறை நான் பதிந்த கசெற்றுக்கு அட்டை எழுதாமல் விட்டேன். அதில் இருந்த ஒரு பாட்டுக்காக அப்பா ஒரு பின்னேரம் முழுக்கச் சுற்றினார். என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. உள்ளங்கை சிவந்திருந்தது.

1995 இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது நாடாக்கள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. அட்டைகளை இன்றும் வாசிக்கலாம். அவற்றைப் பார்த்துத்தான் இப்போது கிட்3 (Kid3) என்ற டேக் திருத்தும் நிரலில் ஒவ்வொரு பாட்டுக்கும் யூனிகோடில் டேக் போடுகிறேன். எழுதியவர் பெயரையும் விடுவதில்லை, அப்பா விடவில்லை. ஓர் இரவில் இருபது பாட்டு முடிகிறது.

நீங்களும் இன்றைக்கே இருபது பாட்டுக்குப் போடுங்கள். அப்புறம் சிமஸில் யூ அடித்தால் புதிய பெயர்கள் வந்துவிடும். கவிஞர் யாரென்று தெரியாத பாட்டுகளை எனக்கு அனுப்புங்கள், அட்டைகளில் தேடிப் பார்க்கிறேன்.