ரஷ்ய, ஆஸ்திரியப் படைகள் மோதியதில் உங்களால் மறக்க முடியாத போர் எது?

சிலர் ஆஸ்டர்லிட்ஸ் என்பார்கள். 1805இல் நடந்த அந்தப் போரில் இவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று நெப்போலியனிடம் அடி வாங்கினார்கள், அதனால் அது கணக்கில் வராது. எனக்கு மறக்காதது முதல் உலகப் போரில் நடந்த ப்ஷெமிஷ்ல் முற்றுகை. (பெயர் வாயில் நுழைய எனக்கே பல நாள் ஆனது.)

சான் ஆற்றங்கரையில் உள்ள இந்த ஊர் இன்று தென்கிழக்கு போலந்தில் இருக்கிறது. அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியின் கலீசியா மாகாணம். ஊரைச் சுற்றி சுமார் 45 கி.மீ. வளையமாகக் கோட்டைகள். 1914 செப்டம்பரில் லெம்பெர்க்கை, அதாவது இன்றைய லிவிவ் நகரை இழந்து ஆஸ்திரியப் படை மேற்கே ஓடியபோது, இந்தக் கோட்டை மட்டும் ரஷ்யர்களுக்கு நடுவே தனித்தீவாக நின்றது. அக்டோபர் தொடக்கத்தில் ரஷ்யர்கள் மோதிப் பார்த்து, ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பறிகொடுத்து விலகினார்கள்.

சரி, தப்பித்தார்கள் என்றுதான் முதலில் படித்தபோது நினைத்தேன். வினையே அதற்கப்புறம்தான். கோட்டையை மீட்க வந்த ஆஸ்திரியப் படைக்கு ரயில் வழியாக உணவு சரியாக வந்து சேரவில்லை. அதனால் கோட்டைக்குள் சேர்த்து வைத்திருந்த உணவையே எடுத்துச் சாப்பிட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் அந்தப் படை மறுபடி பின்வாங்க, பாதி காலியான கிடங்கோடு கோட்டை மீண்டும் மாட்டிக்கொண்டது.

இந்த முறை ரஷ்யத் தளபதி செலிவானோவ் அவசரப்படவில்லை. பசி தன் வேலையைச் செய்யட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். உள்ளே குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். பீரங்கி இழுக்க வேண்டிய குதிரை சட்டிக்குள் போய்விட்டால் எப்படி வெளியே உடைத்துக்கொண்டு வருவது? சிப்பாய் எலும்பும் தோலுமாக, அதிகாரிகள் பலர் கொழுகொழுவென்று இருந்தது இன்னொரு கொடுமை.

வெளியே ஆஸ்திரியப் படைத்தலைமை அதிகாரி கான்ராட், கோட்டையை மீட்டே தீருவேன் என்று 1915 ஜனவரி 23 முதல் கார்பேத்திய மலைகளில் படைகளைத் திரும்பத் திரும்ப ஏவினார். இடுப்பளவு பனி. தூங்கினவர்கள் எழவில்லை. ஏப்ரல் வரை கொல்லப்பட்டவர்கள், காயமடைந்தவர்கள், நோயில் விழுந்தவர்கள், சிறைப்பட்டவர்கள் என ஆஸ்திரியாவின் இழப்பு 6 லட்சத்தைத் தாண்டியது. கோட்டைக்குள் இருந்ததோ ஏறத்தாழ 1.3 லட்சம் பேர்! முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்பது கான்ராடுக்கு அப்படியே பொருந்தும்.

மார்ச் 19இல் உள்ளிருந்தவர்கள் வெளியேற முயன்று தோற்றார்கள். 22ஆம் தேதி தங்கள் பீரங்கிகளையும் கொத்தளங்களையும் தாங்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சரணடைந்தார்கள்.

ஜூன் 3இல் ஜெர்மானியர் தலைமையிலான படை அதே ஊரைச் சில நாள் சண்டையிலேயே திரும்பப் பிடித்தது. கோட்டையைக் காத்த தளபதி குஸ்மானெக் அப்போது ரஷ்யாவில் போர்க்கைதி. அவர் ஊர் திரும்ப 1918 ஆனது.