முன்னங்காலைத் தாங்கி நடக்கும் குதிரை: சப்பையைவிட்டு குளம்பைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காடு ஏரிப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் செல்ல ஒரு குதிரை வைத்திருக்கிறேன். வயது 11. சில மாதமாக முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. ஒரு நாள் வலது, இன்னொரு நாள் இடது. காலையில் அவிழ்த்துவிட்டதும் அதிகமாகத் தெரியும், கொஞ்ச தூரம் போனால் குறையும். ரெண்டு நாள் நிறுத்தினால் சரியாகிறது, ஓட்டினால் திரும்ப வருகிறது. சப்பை (தோள்பட்டை) பிடித்திருக்கிறது, எண்ணெய் தேய் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எண்ணெய் இருக்கட்டும். முன்னங்காலைத் தாங்குகிற குதிரைக்குப் பெரும்பாலும் கோளாறு குளம்பில்தான் இருக்கும்; சப்பையில் இருப்பது அபூர்வம். உடம்பு எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் நிற்கிறது. உங்கள் ஊர் இறக்கத்தில் அது இன்னும் கூடும்.

கால் மாறி மாறித் தாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். ரெண்டு குளம்பிலும் வலி இருக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கு எதில் கூடுதலோ அது வெளியே தெரிகிறது. சமமான கெட்டித் தரையில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து ஒருவர் மெல்லோட்டமாக இழுத்துப் போகட்டும். நீங்கள் எதிரே நின்று தலையை மட்டும் பாருங்கள். நோகிற கால் ஊன்றும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். அப்புறம் வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று விடுங்கள். வட்டத்தின் உள்பக்கம் வருகிற கால் பெரும்பாலும் அதிகம் நோகும். வலம் வரும்போது வலதும், இடம் வரும்போது இடதும் தாங்கினால் சந்தேகம் வேண்டாம். இதைப் போனில் படம் பிடித்து வையுங்கள். டாக்டர் வருகிற அன்றைக்குப் பார்த்து அது ஒழுங்காக நடந்து காட்டும்!

நடக்க நடக்கக் குறைகிற வலி என்றால் எனக்கு முதலில் குளம்பின் பின்பகுதி மேல்தான் சந்தேகம் வரும். அங்கே உள்ளே படகு வடிவில் ஒரு சின்ன எலும்பு, அதை ஒட்டி ஒரு தசைநாண். குளம்பின் முன்நுனி நீண்டு குதிப்பக்கம் தாழ்ந்துபோனால் ரெண்டும் ஓயாமல் இழுபடும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. லாடம் தேயவில்லையே என்று மூன்று மாதம் விட்டுவிடுவது நம் பக்கம் சகஜம். கோளாறு அங்கேதான் ஆரம்பம். தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் 6 வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, முன்நுனியைச் செதுக்கி, குதிப்பக்கம் முழுக்கத் தாங்குகிற நீளத்தில் லாடம் அடிக்கச் சொல்லுங்கள். மாட்டு லாடத்தில் மட்டும் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுக்காதீர்கள்.

அதுவரை சவாரி வேண்டாம். மெத்தென்ற மண் தரையில் கையில் பிடித்து நடக்க வையுங்கள், தார் ரோட்டு இறக்கத்தில் இறக்காதீர்கள். சவாரிக்குத் திரும்பும்போது சேணத்தோடு சேர்த்துச் சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோ. எண்பது கிலோ ஆளுக்கு “இந்தக் குதிரை வேண்டாம்” என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

வலி ஊசி போட்டு அன்றைய ஓட்டத்தைச் சமாளிப்பது மோசமான வழி. வலி மறைந்ததும் குதிரை பயமில்லாமல் ஊன்றும், உள்ளே இன்னும் கெடும். நாள் கணக்கில் கொடுத்தால் வயிற்றில் புண் வேறு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கால்நடைகளுக்கு 2006-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திடீரென்று ஒரே காலை ஊன்றவே மறுத்து, குளம்பு சுட்டால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். ஆணி குத்தியிருந்தால் டெட்டனஸ் தடுப்பூசியும் அவசியம், குதிரைக்கு அந்த நோய் சீக்கிரம் வரும். ரெண்டு முன்குளம்பும் சுட்டு, முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் குளம்பு அழற்சி. சீசனில் வருகிறவர்கள் ஊட்டுகிற பிரெட்டும் பிஸ்கட்டும் அதை வரவழைக்கும். அன்றைக்கே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு போன் போடுங்கள்.

லாடம் மாற்றி ஒரு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் குதிரை வண்டியில் நின்றபடியே இறங்க வேண்டும். குதிரையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி கட்டினால் இறக்கத்தில் முன்னங்கால்களுக்குச் சுமை குறையும்.