எஸ்டேட் என்றால் என்ன? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்த முறை ‘எஸ்டேட்’ என்ற ஒரே சொல்லைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

படிவம் 4 மாணவி: சார், எஸ்டேட் என்றால் தோட்டம். அப்படியானால் பத்திரிகைகளை ஏன் ‘நான்காவது எஸ்டேட்’ என்கிறார்கள்?

நல்ல கேள்வி அம்மா. லத்தீனில் ‘ஸ்டாட்டுஸ்’ என்றால் நிற்கும் நிலை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஸ்டேட்’ என்ற சொல்லும் அதோடு கூடப்பிறந்ததுதான். சமூகத்தில் ஒருவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதே முதலில் எஸ்டேட். பழைய பிரான்சில் அப்படி மூன்று படிகள்: குருமார், பிரபுக்கள், மிச்சமுள்ள அத்தனை பேரும். 1789-இல் வெர்சாயில் மூன்று தரப்பாரையும் மன்னர் கூட்டினார். புரட்சியில் போய் முடிந்தது. அந்த மூன்றுக்கு அடுத்த சக்தி என்ற பொருளில்தான் பத்திரிகை நான்காவது.

சரி, தோட்டம் எங்கே வந்தது? பிரபுவின் நிலை அவருடைய நிலபுலனை வைத்துத்தானே? நாளடைவில் அந்த நிலபுலனுக்கே எஸ்டேட் என்று பெயர் நின்றுவிட்டது. துரைமார் அதே சொல்லைக் கொண்டுவந்து நம் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, வைத்தார்கள்.

ஓர் அக்கா: வக்கீல் கடிதத்தில் ‘எஸ்டேட் ஆஃப்’ என்று போட்டு இறந்துபோன அப்பா பெயர் இருக்கிறது. அப்பாவுக்கு ஏது தோட்டம்?

பயப்படாதீர்கள் அக்கா. இறந்தவர் விட்டுப்போன மொத்தமும் எஸ்டேட்தான்: வீடு, வங்கிப் பணம், மோட்டார் சைக்கிள், கடன்கூட. மலாயில் ‘ஹர்த்தா புசாக்கா’ என்பார்களே, அதுதான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது. தாத்தா ஆயுசு முழுக்கப் பால் வெட்டியவர். நான் வாசித்துக் காட்டியதும் பாட்டி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “செத்த பிறகாச்சும் அந்த மனுசன் பேருல ஒரு எஸ்டேட்டு எழுதினானுங்களே!” என்றார். அந்த எஸ்டேட்டில் இருந்தது ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளும், சேமிப்புப் புத்தகத்தில் கொஞ்சம் பணமும்.

இன்னொரு குழியும் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் ‘ஸ்மால் எஸ்டேட்ஸ்’ என்று வரும். சிறுதோட்டக்காரர்களுக்கான சட்டம் என்று நினைத்துப் புரட்டாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். அது சின்ன அளவிலான வாரிசுச் சொத்தைப் பிரிக்கும் சட்டம். நில அலுவலகத்தில் விசாரணை நடக்கும். கைப்பேசியில் கடிதத்தை மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

மோட்டார் பட்டறைக்காரர்: எஸ்டேட் கார்?

நாம் ‘வேகன்’ என்று சொல்லும் நீளவால் கார். பிரிட்டன்காரர் பேச்சு.

ஒரு தம்பி: எஸ்டேட்டுக்குச் சரியான ஒரே தமிழ்ச் சொல் எது?

ஒன்று கிடையாது. பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள்.

வீடு விற்கும் தரகர்: ‘ரியல் எஸ்டேட்’டில் ரியல் என்றால் அரசருடையது, ஸ்பானியச் சொல் என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை. லத்தீனில் ‘ரெஸ்’ என்றால் பொருள். அதிலிருந்து வந்த சட்டச் சொல். நிலமும் அதன்மேல் நிற்கும் கட்டடமும். மன்னருக்கு அங்கே வேலையில்லை. பகிர்வதற்கு முன் அகராதியைப் புரட்டுங்கள்.

தாமான்வாசி (வீடமைப்புப் பகுதியில் குடியிருப்பவர்): ஹவுசிங் எஸ்டேட் என்பதும் எஸ்டேட்தானே? அப்படியென்றால் நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியே வரவே இல்லையா?

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் தோட்டத்தில் கணக்கு எழுதிய ஒரு முன்னாள் கிராணி விடவில்லை: “காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு உண்டா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை உண்டா? கோயில் திருவிழாவுக்கு லயத்து வரிசை வீடெல்லாம் திரளுமா? எதைத் தோட்டம் என்கிறாய்?” தாமான்வாசி திருப்பி, “மாதா மாதம் வங்கிக்குக் கட்டுகிறேனே, வங்கிதான் துரை” என்றார். அப்புறம் ஆளாளுக்குப் புகுந்துவிட்டார்கள்.

என் பங்குக்கு இரண்டு. மலாயில் ‘தாமான்’ என்றாலே பூந்தோட்டம். தோட்டத்தை அழித்துக் கட்டிய வீடுகளுக்குத் தோட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்தது, எஸ்டேட் எவ்வளவு பெரிது என்பதற்கு நம் நிலச் சட்டத்திலேயே கணக்கு உண்டு: தொடர்ச்சியாக 40 ஹெக்டருக்குக் குறையாத விவசாய நிலம். அதை விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். துண்டாடல் கொடுமைக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது வேலையும் லயமும் சேர்ந்து போயின. நம்மூரில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர் காசைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான்.

கிராணி சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. தாமான் ஆங்கிலத்தில் எஸ்டேட்டாக இருக்கலாம். தமிழில் அதைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

இன்னொருவர்: அப்பா பெயரிலுள்ள வீட்டை மாற்ற எவ்வளவு செலவாகும்?

நில அலுவலகத்தில் கேளுங்கள். நான் சொல்லுக்கு மட்டும்தான்.

வேறொருவர்: சார், ஒரே சொல்லில் எஸ்டேட்டுக்குத் தமிழ்...

மேலே போய்ப் படியுங்கள், தம்பி.