தவழும் குழந்தை உள்ள வீட்டில் முதலில் எதைச் சரிசெய்வது?

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு மாதம். தவழத் தொடங்கிவிட்டான். மேசை முனைகளுக்கு ரப்பர் உறை, பிளக் துளைகளுக்கு மூடி எல்லாம் போட்டாயிற்று. இனி என்ன செய்ய வேண்டும்? வாக்கர் வாங்கலாமா?

பதில்: மேசை முனையில் இடித்தால் நெற்றி வீங்கும், இரண்டொரு நாளில் வற்றிவிடும். நீங்கள் ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும் ஆபத்துகள் வேறு. அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தண்ணீர்தான் முதலாவது. இந்த வயதில் உடலின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளியை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும் குழந்தைக்குக் கை ஊன்றி எழ வலு இருக்காது. நிறைந்த வாளி கவிழவும் கவிழாது. மூக்கும் வாயும் மூழ்க ஐந்து செ.மீ. தண்ணீர் போதும். மூழ்கும் குழந்தையால் கத்த முடியாது என்பதால் சத்தம் கேட்டால் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். வாளி, டப் எதுவானாலும் வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும்.

அடுத்தது பட்டன் பேட்டரி. பலரும் இதை நாணயம் விழுங்கியதுபோல எண்ணி, மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி அங்குள்ள ஈரத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சும். அதன் எதிர்மின் (மைனஸ்) முனைப் பக்கம் கடுங்காரம் உண்டாகித் திசுவை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே ஆழமான புண் ஆகிவிடலாம். பேட்டரி ஒழுகினால்தான் ஆபத்து என்பதில்லை, சார்ஜ் தீர்ந்ததாக நாம் கழற்றிப் போட்டதும் இதைச் செய்யும். 20 மி.மீ. விட்டமுள்ள லித்தியம் வகை மிக மோசம். ரிமோட், எடை பார்க்கும் கருவி, கார் சாவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, விளக்கெரியும் பொம்மை எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள். மூடியில் ஸ்க்ரூ இல்லாவிட்டால் அந்தப் பொருள் குழந்தைக்கு எட்டவே கூடாது. பழைய பேட்டரியை இருபுறமும் டேப் ஒட்டி, உடனே அப்புறப்படுத்துங்கள்.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்கவோ சாப்பிடக் கொடுக்கவோ கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தை விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால் மட்டும், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். அது அரிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும். தேனைத் தேடி நேரத்தை விடாதீர்கள். உங்கள் மகனுக்கு ஒரு வயது ஆகவில்லை. தேன் கொடுக்கவே கூடாது.

இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறும் காலம் சீக்கிரம் வரும். அலமாரி, டிவி இரண்டையும் எல் வடிவ இரும்புத் துண்டு வைத்துச் சுவரோடு ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். அவன் ஆசைப்படும் எதையும் அவற்றின் மேல் வைக்காதீர்கள்.

மருந்து, கழிப்பறைத் திரவம், மண்ணெண்ணெய் ஆகியவை பூட்டிய அலமாரியில், அவற்றின் சொந்தப் புட்டியிலேயே இருக்கட்டும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதுதான் பல விபத்துகளுக்குத் தொடக்கம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்: அரிக்கும் திரவம் திரும்பி வரும்போது தொண்டையை மறுபடி சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

சூடான பாத்திரம் மேசை நடுவில், விரிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். ஹீட்டரை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டாம். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பற்பசை கூடாது.

நீங்கள் போட்ட பிளக் மூடிகளைக் கையால் இழுத்துப் பாருங்கள். எளிதில் கழன்றால் அதுவே மூச்சுக்குழாயை அடைக்கும் பொருளாகிவிடும். சுமார் 3 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. துளையை உட்புறமாக மூடிக்கொள்ளும் ஷட்டர் உள்ள சாக்கெட் இதைவிட நல்லது.

வாக்கர் வேண்டாம். அது நடை பழக உதவாது. எட்டாத உயரத்தை எட்டவைக்கும், நீங்கள் பிடிப்பதற்குள் படிக்கட்டில் உருண்டுவிடும். அந்தப் பணத்தில் படிக்கட்டுக்குத் தடுப்புக் கதவு வாங்குங்கள். மேல்படியில் வைப்பது சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் வகையாக இருக்க வேண்டும், அழுத்தத்தில் நிற்கும் வகை குழந்தை சாய்ந்தால் பெயர்ந்துவிடும். கதவு படிப் பக்கமாகத் திறக்கவும் கூடாது.