'நிரம்பினால்' என்ற சொல்

கேள்வி: ஏ380 மாதிரிப் பெரிய விமானம் ஒரே பயணத்தில் 500 பேரை ஏற்றுமாம். ஆள் கூடினால் தலைக்கு விழும் செலவு குறையுமே! டுபாய், கட்டார் போகிற நம் பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் மலியும். விமான நிறுவனங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?
– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: தெரியும். தெரிந்துதான் விலகி ஓடின. உங்கள் கணக்கில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது: 'நிரம்பினால்'.

உங்கள் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியைப் பாருங்கள். கொழுந்து கூடிய மாதத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து சாக்கு சாக்காக ஏற்றிக்கொண்டு தேயிலை ஸ்டோருக்கு (ஆலைக்கு) முனகி முனகிப் போகும். வரட்சியில் தட்டின் மூலையில் நாலு சாக்கு உருளும். வளைவு அதே வளைவு. டிரைவர் சம்பளத்திலும் ஒரு சதம் குறையாது. டீசல் கொஞ்சம் மிஞ்சலாம், அவ்வளவுதான்.

ஏ380க்கு எஞ்சின் நான்கு; எரிபொருளும் அதற்கேற்பக் குடிக்கும். 2007இல் அது பயணிகளை ஏற்றத் தொடங்கியபோதே இரண்டு எஞ்சினில் சமுத்திரம் தாண்டும் போயிங் 777 பறந்துகொண்டிருந்தது. பிறகு அதே இரட்டை எஞ்சின் ரகத்தில் 787, ஏ350 வந்தன. சுமார் 300 பேரோடு காலையில் ஒன்று, இரவில் ஒன்று விடலாம். கூடுதல் காசு கொடுக்கிற அவசரக்காரருக்கு வேண்டியது தோதான நேரம்; ஏ380இன் மேல்மாடி அல்ல. பெரியதை நிரப்ப வேண்டுமென்றால் கடைசி நூறு சீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டும். நீங்கள் கேட்கும் மலிவு டிக்கெட் அதுதான், நட்டம் கம்பனிக்கு. ஏப்ரல் சீசன் கூட்டத்தைப் பார்த்து நுவரெலியாவுக்குப் பஸ் வாங்குகிறவர் ஜூலை மழையில் யாரை ஏற்றுவார்?

டுபாயின் எமிரேட்ஸ் நிறுவனத்துக்கு ஏ380 சரிவந்ததே என்பீர்கள். வந்ததுதான். நாலா திசையிலிருந்தும் ஆட்களை டுபாயில் இறக்கி, மாற்றி ஏற்றுவது அவர்கள் தொழில். லண்டன் ஹீத்ரோவில் இறங்க ஒரு நேரம் வாங்குவதே பெரும்பாடு. கிடைத்த ஒன்றில் கூடுதல் ஆளோடு இறங்குவது லாபம். விமான நிறுவனங்களுக்குக் கொடுத்த 251இல் 123ஐ அவர்களே எடுத்தார்கள். மற்றவர்கள் தயங்கவே, 2021 டிசம்பரில் கடைசி விமானத்தைக் கொடுத்து, அதைக் கட்டிய ஏர்பஸ் ஏ380 கடையை மூடியது.

விற்கப் போனாலும் தலைவலிதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் முதலில் பறந்த ஏ380கள் பத்து வருடக் குத்தகை முடிந்து திரும்பின. அவற்றில் இரண்டை எடுக்க ஆளில்லாமல் பிரான்ஸில் கழற்றி உதிரிப்பாகமாக விற்றார்கள். பழைய லேலண்ட் பஸ்ஸுக்கு ஹட்டனில் இதைவிட மரியாதை உண்டு.

2017 ஆகஸ்டில், ஓடுபாதை புதுப்பித்ததையொட்டி, எமிரேட்ஸின் ஏ380 ஒன்று கட்டுநாயக்காவில் இறங்கியது. வேடிக்கை பார்த்தோம். அன்றாடம் கொழும்புக்கு அதே நிறுவனம் அனுப்புவதோ இரண்டு எஞ்சின் விமானங்கள்.