வாசகர் கேள்வி–பதில்: மீட்கப்பட்ட குதிரையை நீவிவிடலாமா?

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே, கைவிடப்பட்ட குதிரைகளைப் பராமரிக்கும் பண்ணையொன்றில் என் மகள் வார இறுதிகளில் உதவி செய்கிறாள். அண்மையில் அங்கு வந்த பெண்குதிரை ஒன்று விலா எலும்பு தெரிய மெலிந்திருக்கிறது. யாரையும் கிட்டே விடுவதில்லை. கையால் மெல்ல நீவிவந்தால் நோய் தீரும் என்று யாரோ சொன்னார்களாம். உண்மையா? நல்லெண்ணெய் தேய்த்து நீவலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: நீவுவதால் நோய் தீராது. பட்டினி கிடந்த குதிரையைத் தேற்றுவது தீவனம்தான். அதையும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், பல வேளைகளாகப் பிரித்துத் தர வேண்டும், ஏனெனில் வற்றிய உடலுக்குத் தானியத்தைத் திடீரென்று அள்ளிக் கொடுத்தால் இரத்தத்திலுள்ள தாது உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் மனிதர் கை ஓங்கினாலே அடி விழும் என்று பழகிப்போன விலங்கை, ஊசி போடவும் குளம்பு சீவவும் அமைதியாக நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவதில் தொடுகைக்குப் பெரும் பங்கு உண்டு.

குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம், பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேடு. அவ்விடத்தைக் கையால் சொறிந்தபோது இதயத் துடிப்பு குறைந்ததை, பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் செய்து 1993-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று காட்டியது. எனவே உங்கள் மகள் முகத்தை நோக்கிக் கையை நீட்டாமல், பக்கவாட்டில் நின்று, முதலில் புறங்கையால் தோளைத் தொட்டு, பிறகு அந்த மேட்டுக்குச் செல்லட்டும். குதிரைப் பயிற்சியாளர் லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் வகுத்த நீவும் முறையில், விரல்கள் தோலின் மேல் வழுக்கிச் செல்வதில்லை. தோலையே தம்முடன் சேர்த்து ஒன்றேகால் வட்டம் நகர்த்துகின்றன. மூடிய கண்ணிமைக்கு வலிக்காத அழுத்தமே போதும். எலும்பு துருத்திய உடலில் அதற்கு மேல் அழுத்துவது, என் கருத்தில், கொடுமை.

சற்று நேரத்தில் குதிரை அமைதியடைவதன் அறிகுறியாகத் தலை தாழும், கீழுதடு தளரும், நாக்கைச் சுழற்றி மெல்லும், சில வேளை வாய் பிளந்து கொட்டாவி விடும். மாறாகக் காதுகள் பின்னால் மடிந்தாலோ, வால் வீசினாலோ, தோல் ஈயை உதறுவதுபோல் துடித்தாலோ உடனே கையை எடுத்து ஓரடி விலகி நிற்க வேண்டும். தான் விலக நினைத்தால் விட்டுவிடுவார்கள் என்பதைக் குதிரை தெரிந்துகொண்ட பிறகே அது தானாகக் கிட்டே வரும். இதில் அவசரப்பட்டுக் கெடுத்தவர்களே அதிகம்.

நம் தென்னாப்பிரிக்காவில், குறிப்பாகக் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும், ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்னும் கொடிய வைரஸ் நோயை நினைவில் வையுங்கள். கொசுவினும் சிறிய கடிபூச்சிகள் அதைப் பரப்புகின்றன. அவை அந்தி முதல் விடியல் வரை மிகுதியாகக் கடிப்பதால், குதிரையை மாலையிலேயே லாயத்தில் அடைப்பது நல்லது. உடல் வெப்பம் 38.5 பாகை செல்சியஸைத் தாண்டினாலோ, கண்ணுக்கு மேலுள்ள குழி வீங்கினாலோ, மூக்கில் நுரை வந்தாலோ நீவிக்கொண்டிருக்காமல் மருத்துவரை அழையுங்கள். வயிற்றுவலியில் புரளும்போதும், தசை கல்லாக இறுகிச் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்போதும் அப்படியே.

நல்லெண்ணெய் வேண்டாம். மயிரில் ஒட்டித் தூசியைச் சேர்க்கும். உண்ணி பார்ப்பதும் கடினமாகும். எண்ணெய்க்குப் பதிலாக மகளிடம் மெல்லிய பிரஷ் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். அதையும் முதல் நாள் குதிரை மோந்து பார்க்க மட்டும் காட்டட்டும்.