பாலைவன ஊருக்குப் போனால் தும்மல் அலர்ஜி விட்டுப்போகுமா?

துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, மணல்காட்டில் மகரந்தம் இருக்காதே, என் தும்மல் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே நினைப்பில்தான் காரைக்குடியிலிருந்து அங்கே போனேன். "காய்ந்த காத்துக்கு எல்லாம் விட்டுப்போகும்" என்று அப்பத்தா தைரியம் சொல்லி அனுப்பினார்கள்.

விடவில்லை. அங்கே தண்ணீர் பாய்ச்சிப் புல்தரை வளர்க்கிறார்கள், பேரீச்சை எங்கும் நிற்கிறது. இரண்டின் மகரந்தமும் காற்றில் வரும். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்துக்கு ஆஸ்துமாக்காரர்கள் நல்ல காற்றைத் தேடிக் குடிபோனார்கள். அங்கே ஆலிவும் முசுக்கட்டையும் நிறைய நட்டு, டூசான் பகுதியில் 1980களில் அவற்றின் விற்பனைக்கே தடை போட வேண்டிவந்தது.

நான்கு வருஷம் மணலைத்தான் திட்டினேன். கடைசியில், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் தோல் பரிசோதனைக்குப் போனேன். முன்கையில் பேனாவால் வரிசையாகக் குறி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்தம் அல்லது பூஞ்சையின் சாற்றில் ஒரு சொட்டு விட்டு, ஊசிமுனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு குறிகள் அரித்து, துவரம்பருப்பு அளவுக்குத் தடித்துவிட்டன. முதலாவது என்ன மரம் என்று கேட்டேன். நர்ஸ் செல்போனில் படம் காட்டினார். எங்கள் கண்மாய்க்கரை சீமைக்கருவேல்! வளைகுடாவிலும் பசுமைக்காக நட்டிருக்கிறார்கள். அங்கே காஃப் என்று கொண்டாடுவது நம் கோயில் வன்னி மரம்தான். அதுவும் இதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால் அதன் மகரந்தமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றார் டாக்டர். இரண்டாவது ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை. பட்ட இலையிலும் மண்ணிலும் வளரும், அதன் வித்துகள் காய்ந்த காற்றில் நன்றாகப் பறக்கும்.

சீமைக்கருவேலைச் சொன்னதும் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களை நினைத்துப் பார்த்தாயா என்று சண்டைக்கு வராதீர்கள். வெட்டச் சொல்லவில்லை, எனக்கு ஆகவில்லை என்கிறேன், அவ்வளவுதான். நான் டாக்டரும் இல்லை.

ஊருக்குத் திரும்பியும் நிம்மதி இல்லை. எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓர் அறை ஒழுகுகிறது. ஐப்பசி மழை விட்டதும் திறந்தால் தேக்கு அலமாரிக்குள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம், தொட்டால் விரலில் மாவாக ஒட்டுகிறது. அன்று ராத்திரி முழுக்க மூச்சு இழுத்தது. ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்கு, பங்குள்ள வீடு. ஓடு மாற்றக் காசு கேட்டால் பங்காளிகள் யாரும் வாய் திறப்பதில்லை. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு மட்டும் வந்து முகப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மனசு பொறுக்கவில்லை.

சரி, கிளம்புமுன் இங்கேயே அந்தத் தோல் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். தும்மல் மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை உடம்பில் இருந்தால் தடிப்பு சரியாகத் தெரியாது.